வெள்ளை மேல் கால் வை

இப்போதெல்லாம் ஓர் ஆள் செத்துப்போனால், போனில் ஓர் அழுகிற பொம்மையை அனுப்பிவிட்டு அடுத்த நிமிஷமே சிரிப்புப் படம் பார்க்கிறார்கள். சாவு வீட்டுக்கு நேரில் வந்தவனும் வாசலில் நின்று போனைத்தான் தடவுகிறான். போனவர் எப்படி வாழ்ந்தார் என்று கேட்க நாதி இல்லை. ஆனால் பேய் என்று ஒரு சொல் காதில் விழட்டும், காதைத் தீட்டிக்கொண்டு ஓடி வருவார்கள்.

அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது நடந்தது. என் கண் முன்னால் நடந்தது. நான் குடித்திருக்கவில்லை. கையில் கடிகாரம் கட்டியிருந்தேன், மணியும் சரியாகச் சொல்வேன். பேய் என்று நான் சொல்லவில்லை. நடந்ததை மட்டும் எழுதுகிறேன். நம்பினால் நம்புங்கள். நம்பாவிட்டால் எனக்கு ஒரு குறைச்சலும் இல்லை.

நான் கொத்து வேலைக்காரன். படிப்பு நாலாம் வகுப்போடு சரி. தரைக்கு டைல்ஸ் ஒட்டுவதில் நாற்பத்தைந்து வருஷம். யாரையும் எதையும் சுலபத்தில் நம்பமாட்டேன். சிமெண்ட் மூட்டையைக்கூட உள்ளே கையை விட்டுப் பார்த்துத்தான் வாங்குவேன்.

என் பக்கத்து வீட்டில் பட்டாளத்தார் இருந்தார். ராணுவத்தில் கண்ணிவெடி எடுக்கிற பிரிவில் வேலை பார்த்தவர். மண்ணுக்குள் புதைத்து வைத்த வெடியை மெல்லிய இரும்புக் கம்பியால் குத்திக் குத்திக் கண்டுபிடிக்கிற வேலை. வலது கையில் இரண்டு விரல் இல்லை. எப்படிப் போனது என்று கேட்டால், "தேஞ்சு போச்சு" என்பார். அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. பட்டாளத்திலிருந்து வந்தவன் என்றால் வாய் ஓயாமல் அளப்பான். இவர் அளக்கவில்லை. அதனாலேயே எனக்கு அவர் மேல் சந்தேகம். 'வெங்காயம் நறுக்கும்போது போன விரலாக இருக்கும்' என்று முதுகுக்குப் பின்னால் சொல்லியிருக்கிறேன்.

மனைவி போனபோது மகளுக்கு இரண்டு வயது. இன்னொரு கல்யாணம் அவர் பண்ணிக்கொள்ளவில்லை. மீதமிருந்த மூன்று விரலோடு அந்தப் பெண்ணுக்கு ரெட்டைச் சடை பின்னுவார். பின்னல் கயிறு மாதிரி முறுக்காக நிற்கும், சாயங்காலம் வரை ஒரு முடி கலையாது. காலையில் ஏழே முக்காலுக்குப் பள்ளிக்கூடம். அவர் முன்னால், பெண் பின்னால். அவர் கால் வைத்த இடத்தில்தான் அவள் கால் வைக்க வேண்டும். தெருவே சிரிக்கும். "வாத்தும் குஞ்சும் கிளம்பிடுச்சு, மணியைப் பாத்துக்கோ" என்று முதலில் ஆரம்பித்தவன் நான்தான். அவர் காதில் விழும். திரும்பக்கூட மாட்டார்.

பகலில் ஒரு வங்கி வாசலில் காவல். ராத்திரி ஒரு கிடங்கில் காவல். அந்த இரண்டு சம்பளத்தில் மகளை நர்ஸுக்குப் படிக்க வைத்தார். அவர் எப்போது தூங்கினார் என்று எனக்குத் தெரியாது.

இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால், அந்தப் பழைய வீட்டை வாங்கியதும் டைல்ஸ் ஒட்ட என்னைத்தான் கூப்பிட்டார். பின்பக்க நடையில் வேலை நடந்துகொண்டிருந்தது. வந்து நின்றார்.

"மேஸ்திரி, கீழ என்ன இருக்குன்னு தோண்டிப் பாத்தியா?"

"பாத்தாச்சு சார். கெட்டித் தரை."

"உன் கண்ணால பாத்தியா?"

"அட, பாத்தேங்கறேன்ல."

பார்க்கவில்லை. பழைய தரைக்கு மேலேயே ஒட்டிவிட்டேன். ஒரு நாள் வேலை மிச்சம். இந்தக் கதையில் உங்களுக்குப் பயமான இடம் எது என்று எனக்குத் தெரியாது. எனக்கு இதுதான்.

பட்டாளத்தார் போன வருஷம் மழைக்காலம் முடியும்போது போய்ச்சேர்ந்தார். நாற்காலியில் உட்கார்ந்தபடியே. வயது அறுபத்தெட்டு. நான் சொல்லப்போவது அதற்கு இரண்டு மாதம் கழித்து, ஒரு வியாழக்கிழமை.

சாயங்காலம் ஆறு மணிக்கு மகள் என் வீட்டுக்கு வந்தாள். அவள் புருஷனுக்குக் கப்பலில் வேலை, வருஷத்துக்கு ஒருதரம்தான் வருவான். அதனால் அவள் அப்பா வீட்டிலேயேதான் இருந்தாள். நாலு வயதில் ஒரு பெண் குழந்தை. நாங்கள் வாண்டு என்று கூப்பிடுவோம்.

"மாமா, நடையில ஓரிடத்துல கால் வெச்சா பொத்து பொத்துன்னு சத்தம் வருது. என்னன்னு பாருங்களேன்."

"மண்ணு இறங்கியிருக்கும். பாத்து வெக்கறேன். காலையில பேத்துடலாம்."

"இன்னொண்ணு மாமா… இன்னைக்கு எனக்கு நைட் டூட்டி. வாண்டைப் பாத்துக்கிற அம்மாவுக்குக் காய்ச்சல். ஒரே ஒரு ராத்திரி…"

"ஏம்மா, நான் என்ன ஆயாவா?"

"ஆயான்னா பாட்டுப் பாடித் தூங்க வெப்பாங்க. நீங்க பாட வேணாம் மாமா. பாடினா அது எந்திரிச்சுடும்."

அப்பனுக்கு இல்லாத வாய் மகளுக்கு. ஏழரைக்கு அவள் கிளம்பிவிட்டாள்.

வாண்டைச் சாப்பிட உட்கார வைத்துவிட்டு நடைக்குப் போனேன். நடை என்பது கூடத்திலிருந்து பட்டாளத்தாரின் அறைக்குப் போகிற வழி. மூன்றடி அகலம், பன்னிரண்டடி நீளம். பல்பு எரியவில்லை. டார்ச்சை வைத்துக்கொண்டு கொத்துக் கரணைப் பிடியால் தட்டிப் பார்த்தேன். நல்ல தரை 'டங்' என்று பேசும். நடுவில் ஒன்பது டைல்ஸ், மூன்று வரிசை, வரிசைக்கு மூன்று… 'பொத்' என்றன. காலையில் உடைக்க அடையாளம் வேண்டும். ஓரத்தில் மண்டி போட்டு, கையை எட்டி, ஒன்பதுக்கும் வெள்ளைச் சாக்பீஸால் பெரிதாகப் பெருக்கல் குறி போட்டேன். எங்கள் தொழிலில் அப்படித்தான். வெள்ளைப் பெருக்கல் என்றால் கெட்டது, உடை என்று அர்த்தம்.

10.10. தூங்குவதற்கு முன்னால் வாண்டு பாத்ரூம் போனாள். தத்தித் தத்திப் போனாள். பார்த்தால், அவள் கட்டிலிலிருந்து பாத்ரூம் வரை தரையில் வெள்ளைப் பெயிண்டால் சின்னச் சின்னப் பொட்டுகள். ஒவ்வொரு பொட்டிலும் கால் வைத்துத்தான் நடந்தாள்.

"என்ன கூத்து இது?"

"வெள்ளை மேல கால் வெச்சா ஒண்ணும் ஆகாது மாமாத்தாத்தா. இருட்டுலகூட."

"யாரு சொன்னா?"

"தாத்தா."

அந்தாளும் அவர் வெள்ளையும் என்று சிரித்துக்கொண்டேன். அதற்கு மேல் யோசிக்கவில்லை. படுக்க வைத்தேன். ஐந்து நிமிஷத்தில் தூங்கிவிட்டாள். அறைக் கதவைத் திறந்து வைத்து, கூடத்தில் சாய்வு நாற்காலியில் நான் சாய்ந்தேன்.

11.40.

டிக்… டிக்… டிக்…

நடையிலிருந்து வந்தது. எலி என்று நினைத்தேன். ஆனால் எலிக்குத் தாளம் தெரியாது. இது அளந்து வைத்தது மாதிரி வந்தது. ஒரு டிக். இரண்டு மூச்சு இடைவெளி. அடுத்த டிக். தரையில் எதைத் தட்டினால் என்ன சத்தம் வரும் என்று எனக்குத் தெரியும். மரம் இல்லை. கரணை இல்லை. மெல்லிய இரும்பு… நுனி கூரான இரும்பு.

டார்ச்சோடு போனேன். சத்தம் நின்றது. யாரும் இல்லை. பட்டாளத்தாரின் அறைக் கதவு சாத்தியிருந்தது. ஆனால் முதல் வரிசையில் நான் போட்ட மூன்று குறியும் அழிந்திருந்தன. ஈரம் இல்லை. உலர்ந்த கையால் தேய்த்த மாதிரி ஒரு மங்கல்.

என் முழங்கால் பட்டிருக்கும் என்று சொல்லிக்கொண்டேன். மறுபடி போட்டேன்.

12.55.

டிக்… டிக்… டிக்…

இந்தத் தடவை இரண்டு வரிசை அழிந்திருந்தது. ஆறு குறி. என் முழங்கால் அவ்வளவு தூரம் போகவே இல்லை. பட்டாளத்தாரின் அறைக் கதவும் ஒரு சாண் திறந்திருந்தது. காற்று என்று நினைக்கலாம். நடையில் ஜன்னல் கிடையாது.

வேறு ஆளாக இருந்தால் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடியிருப்பான். எனக்குக் கோபம்தான் வந்தது. ஒருத்தன் வேலையை இன்னொருத்தன் கெடுத்தால் எனக்குப் பிடிக்காது.

"யாருகிட்ட விளையாட்டு?" என்று வாய்விட்டே கேட்டேன்.

சாக்பீஸை அழுத்திப் பிடித்து, ஒவ்வொரு குறியையும் இரண்டு தடவை இழுத்தேன். ஆறையும். தூரத்தில் அழியாமல் இருந்த மூன்றையும் சேர்த்து. இருட்டிலும் பளிச்சென்று தெரிந்தது.

திருப்தியாக வந்து உட்கார்ந்தேன். புத்தி கெட்டவன்.

1.30. சத்தம் ஆரம்பித்தது. எழவில்லை.

1.50. வேகமாக வந்தது. டிக்டிக்… டிக்டிக்… கதவைத் தட்டிக் கூப்பிடுகிற அவசரம். எழவில்லை. தட்டிக்கொள் என்று விட்டுவிட்டேன். கண் சொக்கியது.

2.19.

விழித்தேன். என்னை எழுப்பியது சத்தம் இல்லை. சத்தம் நின்றுபோனதுதான்.

வாண்டின் அறைக்குள் பார்த்தேன்.

கட்டில் காலி.

டார்ச்சைத் திருப்பினேன். நடையில் வாண்டு நின்றுகொண்டிருந்தாள். முதுகு எனக்கு. முன்னால் ஒன்பது வெள்ளைக் குறி.

"வாண்டு… எங்க போற?"

"தாத்தா ரூமுக்கு."

"இங்க வா."

"வெள்ளை போட்டிருக்கு மாமாத்தாத்தா. போலாம்."

அப்போதுதான் உறைத்தது. எனக்கு அது 'உடை'. அவளுக்கு அது 'வா'.

என் கையால் போட்டது.

இரண்டு தடவை அழித்தும் போட்டது.

எழுந்தேன். ஓடினால் அவள் மிரண்டு முன்னால் கால் வைத்துவிடுவாள். கத்தினாலும் அப்படித்தான். நடுவில் பதினைந்தடி.

வாண்டு வலது காலைத் தூக்கினாள்.

சர்ர்…

கால் இறங்குகிற இடத்தில் இருந்த வெள்ளை… அழிந்தது.

டார்ச் வெளிச்சத்தில் பார்த்தேன். சிலேட்டைக் கையால் துடைத்தால் எப்படிப் போகும், அப்படி. இடமிருந்து வலம். அங்கே கை இல்லை.

காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். பக்கத்துக் குறிக்கு நகர்ந்தாள்.

சர்ர்…

அதுவும் போனது.

மூன்றாவது.

சர்ர்…

அடுத்த வரிசை. அதற்கடுத்த வரிசை. சர்ர். சர்ர். சர்ர்.

வெறும் தரை.

"வெள்ளை இல்ல," என்றாள் வாண்டு. பாடம் ஒப்பிக்கிற குரல். "வெள்ளை இல்லைன்னா நிக்கணும். வந்த வழியே திரும்பணும்."

திரும்பினாள். வந்த அடி மேலேயே அடி வைத்து வந்தாள். ஒன்று… இரண்டு… மூன்று…

பாய்ந்து அள்ளிக்கொண்டேன்.

2.22.

'டக்' என்று ஒரு டைல்ஸ்.

பிறகு ஒன்பதும்.

தரை மேல் யாருமே இல்லை. தானாக இறங்கியது. விழுந்த சத்தம் உடனே வரவில்லை. கொஞ்சம் கழித்து… ஆழத்தில்… தண்ணீர்ச் சத்தம்.

விடியும் வரை அவளை மடியிலிருந்து இறக்கவில்லை. அவள் நன்றாகத் தூங்கினாள்.

காலை ஆறே முக்காலுக்கு மகள் வந்தாள். நானும் அவளும் குழியின் ஓரத்தில் நின்று பார்த்தோம். எந்தக் காலத்திலோ கட்டிய தண்ணீர்த் தொட்டி. மேலே பலகை போட்டு, மண்ணைக் கொட்டி, தரை போட்டிருக்கிறார்கள். பலகை உளுத்துவிட்டது. கயிறு விட்டு அளந்தேன். பதினாலு அடி. அடியில் கறுப்புத் தண்ணீர். தண்ணீருக்கு மேலே துருப்பிடித்த கம்பிகள் நாலு, ஈட்டி மாதிரி.

நடந்ததைச் சொன்னேன். சாக்பீஸையும் சொன்னேன்.

"வெள்ளையா போட்டீங்க மாமா?" என்றாள். "எங்க வீட்ல வெள்ளைன்னா கால் வெக்கலாம்னு அர்த்தம். ராணுவத்துல வெடி இல்லாத வழிக்கு வெள்ளைதான் கட்டுவாங்களாம். அப்பா அப்படித்தான் எங்களை வளர்த்தாரு. ஆனா தன் கையால போட்ட வெள்ளையை மட்டும்தான் நம்பணும்னு சொல்வாரு. வேற யாரு போட்டிருந்தாலும் நம்பாதேம்பாரு. வாண்டுக்கு அவ்வளவு விவரம் ஏது?"

பிறகு மெதுவாகக் கேட்டாள். "இந்தத் தரையை அன்னைக்குத் தோண்டிப் பாத்தீங்கதானே?"

"பாக்கலைம்மா."

அவள் துடைப்பத்தை எடுத்து, குழி ஓரத்து மண்ணைக் கூட்ட ஆரம்பித்தாள். ஓர் அறை விட்டிருந்தால் தேவலை.

பத்து நாள் ஒற்றை ஆளாக நின்று குழியைத் தூர்த்துக் கான்கிரீட் போட்டேன். வேலை செய்துகொண்டே யோசித்ததில் ஒரு காரணம் பிடிபட்டது. அடியில் பலகை கொஞ்சம் கொஞ்சமாக ஒடிந்திருக்கிறது. அதுதான் டிக் டிக். அந்த நடுக்கத்தில் சாக்பீஸ் தூள் உதிர்ந்திருக்கிறது. அதுதான் சர்ர். அவ்வளவுதான். இதில் பேய்க்கு என்ன வேலை?

பதினோராம் நாள் ஒருவர் வந்தார். பட்டாளத்தாரோடு ராணுவத்தில் லாரி ஓட்டியவர். சாவுச் செய்தி அவருக்கு அப்போதுதான் கிடைத்திருக்கிறது. போனில் பொம்மை அனுப்பாமல் இரண்டு பஸ் மாறி நேரில் வந்தார். அதற்காகவே அவரை எனக்குக் கொஞ்சம் பிடித்தது. கூடத்தில் மூன்று பேர்தான். அவர், மகள், நான். வாண்டு இரண்டு தெரு தள்ளி, பார்த்துக்கொள்ளும் அம்மாள் வீட்டில்.

"அப்பாவுக்கு விரல் எப்படிப் போச்சு? எங்கிட்டக்கூடச் சொன்னதில்லை" என்று மகள் கேட்டாள்.

லாரிக்காரர் டீயைக் கீழே வைத்தார்.

"சொல்லலாமான்னு தெரியலை தாயி."

"அவரே போயிட்டாரு. சொல்லுங்க."

"ஒரு கிராமம். ஊரே காலி. ஒரு சின்னப் பொண்ணு மட்டும் வயலுக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கிட்டு நிக்குது. ஏழு வயசு இருக்கும். வயல் பூரா வெடி. நடுவுல வெள்ளை நாடா கட்டியிருந்துச்சு. எங்களுக்கு வெள்ளைன்னா வழி. இவன் அதைப் பாத்துட்டு, 'வெள்ளை மேல கால் வெச்சு வாம்மா, ஒண்ணும் ஆகாது'ன்னு கூப்பிட்டான்."

"வந்துச்சா?"

"வந்துச்சு. சிரிச்சுக்கிட்டே வந்துச்சு." அவள் உயரத்தைக் கையால் காட்டினார். "அதைக் கட்டினது எங்க ஆளுங்க இல்ல தாயி. எங்களுக்கு முன்னாடி அங்க இருந்த வேற படை. அவங்களுக்கு வெள்ளைன்னா வெடி இருக்குன்னு அர்த்தமாம். எங்களுக்கு யாரும் சொல்லலை. இவன் ஓடினான். எட்டிப் பிடிக்கப் போனதுல விரல் போச்சு. பிள்ளையும் போச்சு."

டீ டம்ளரை ஒரு சுற்றுச் சுற்றி வைத்தார்.

"அதுக்கப்புறம் இவன் தனியா நடந்து நான் பாத்ததில்லை. எங்க போனாலும், யாரோ பின்னாடி வர்ற மாதிரி, அடியை அளந்து அளந்து வெப்பான்."

மகள் நடையைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு யாரிடம் என்றில்லாமல் கேட்டாள். "அப்போ எங்கப்பா என்னை வளர்த்தாரா… அவளை வளர்த்தாரா?"

எனக்கு அங்கே உட்காரப் பிடிக்கவில்லை. வாத்தும் குஞ்சும் என்று சிரித்த வாய் இது. கரணையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன். லாரிக்காரரும் பின்னாலேயே வந்தார். மணி 5.35. அந்த அம்மாள் வாசலில் விட்டுப்போக, வாண்டு அப்போதுதான் கேட்டைத் திறந்துகொண்டு வந்தாள்.

"மாமாத்தாத்தா, குழி மூடியாச்சா?"

"மூடியாச்சு. இனி யானையே நடக்கலாம்."

"அப்போ அந்த அக்காவும் நடக்கலாமா?"

"எந்த அக்கா?"

"வெள்ளையை அழிச்சாளே, அந்த அக்கா."

"யாரும் அழிக்கலை. அது தானா உதிர்ந்துச்சு."

"இல்ல. தாத்தா பின்னாடி நின்னு குச்சியால காட்டிக் காட்டிச் சொன்னாரு. அக்கா உக்காந்து நகர்ந்து நகர்ந்து, கையால அழிச்சா."

"ஏன், மகாராணி நின்னுக்கிட்டு அழிக்கமாட்டாளாமா?"

"எப்படி நிப்பா?" என்றாள் வாண்டு. "அவளுக்குத்தான் ரெண்டு காலும் இல்லையே."

பின்னால் லாரிக்காரர் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"கால் போனதை நான் உள்ள சொல்லவே இல்லையே, மேஸ்திரி…"

வாண்டின் அம்மா ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறவள். கால் இல்லாதவர்களை அந்தப் பிள்ளை எங்காவது பார்த்திருக்கும். இதைச் சத்தமாகவே சொன்னேன். வாண்டு என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால், தரையோடு தரையாக எதையோ பார்த்துச் சிரித்தாள்.

சின்னப் பிள்ளைகள் ஆயிரம் சொல்லும். நான் நம்பவில்லை. கேட்டைச் சாத்திவிட்டு என் வீட்டுக்கு நடந்தேன். இருபது அடி தூரம்தான். திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்க என்ன இருக்கிறது?